சாலையும் வடிகாலும் சேரும் இடம்

எங்கள் தெருவில் சாலையும் வடிகாலும் பல வருடங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தன. பக்கத்தில் பக்கத்தில்தான் படுத்திருந்தன. ஆனால் சாலை போடப்போட வளர்ந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேல் புதுத் தார், அதன்மேல் இன்னொரு தார். வடிகால் பிறந்த உயரத்திலேயே நின்றுவிட்டது. வீடுகள் சாலையைவிட இன்னும் ஒரு சாண் மேடு. கேட்டைத் திறந்தால் முதலில் ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் கறுப்பாக வடிகால், அதைத் தாண்டி, பள்ளத்திலிருந்து முழங்கால் உயரத்தில் சாலை. ஆளுக்கொரு கருங்கல்லைப் போட்டு, கல்லில் ஒரு கால், சாலையில் ஒரு கால் என்று இறங்கி ஏறிப் போனோம். பால்காரர் தாண்டினார். நாய்கள் தாண்டின. பெண்கள் ஒரு கையில் புடவைக் கொசுவத்தையும் மறு கையில் பையையும் பிடித்துக்கொண்டு தாண்டினார்கள். தாண்டுவது பழகிவிட்டது. பழகியதை யாரும் குறையென்று சொல்வதில்லை.

தாண்ட முடியாதவர் அடுத்த வீட்டு சார் ஒருவர்தான்.

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, வாழைத்தோப்பு ஒன்றை மனை போட்டு விற்றதில் உண்டானது எங்கள் நகர். மாடியில் நின்றால் கிழக்கே கோபுரம், தெற்கே காவிரிக்கு அப்பால் மலைக்கோட்டை, வடக்கே கொள்ளிடத்தின் மணல். எதிர்ப்பக்கம் இன்னும் வாழைதான். அதன் முகப்பில் ஒரு மாட்டுக்கொட்டகையும் விவசாயி ஒருவரின் வீடும். எங்கள் பக்கம் மட்டும் வீடுகள், வீடுகளின் முன்னால் அந்த வடிகால்.

சார் பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் அலுவலகப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். தெரு முழுக்க அவருக்கு டீச்சர் என்றே பெயர். குவார்ட்டர்ஸில் வாழ்நாளெல்லாம் இருந்துவிட்டு, சொந்த வாசல் வேண்டும் என்று இங்கே வீடு கட்டி வந்தார்கள். வந்த கொஞ்ச நாளில் சாருக்கு முதுகுத்தண்டில் கட்டி. ஆபரேஷன் உயிரைக் காப்பாற்றியது. கால்களைத் திருப்பித் தரவில்லை. கைகள் மட்டும் நல்ல பலம். சக்கர நாற்காலியை ஹாலிலிருந்து கேட் வரைக்கும் ஒரே மூச்சில் தள்ளிக்கொண்டு வருவார். கேட்டோடு உலகம் முடிந்தது.

நான் ஓர் இடத்தில் இருக்க முடியாதவன். விடிந்தால் நடக்க வேண்டும். பாலத்தைத் தாண்டி ஊருக்குள் போகவேண்டும், திரும்ப வேண்டும், அப்போதுதான் ஒரு வரியாவது எழுத வரும். நான் கிளம்பும்போதெல்லாம் சார் கேட்டில் இருப்பார்.

"உங்களுக்குக் கால்ல சக்கரம், எனக்கு நாற்காலில சக்கரம். ஆனா ஓடுறது என்னமோ நீங்கதான்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு அவரை நான்கு பேர் தூக்கிச் சாலையில் வைக்க வேண்டும். அங்கே ஆட்டோ நிற்கும். நான் ஒரு பக்கம், எதிர்வீட்டு விவசாயி ஒரு பக்கம், மற்ற இரண்டு பக்கத்துக்கும் அன்றைக்குக் கிடைத்தவர்கள். தூக்கும்போது நாற்காலி ஆடும். சார் இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்.

"மாதா சப்பரம் தோத்துடும் போங்க. பின்னாடி ஒரு பேண்டு வாத்தியம் மட்டும்தான் குறைச்சல்" என்று விவசாயி ஒருநாள் சொன்னார். நாங்கள் சிரித்தோம். சாரும் சிரித்தார். அடுத்த ஞாயிறு, உடம்பு சரியில்லை என்றார். அதற்கடுத்த ஞாயிறும். பிறகு டிவியில் பூசை பார்க்க ஆரம்பித்தார். டீச்சர் மட்டும் தனியாகப் பாலக்கரைக் கோயிலுக்குப் பஸ் ஏறினார்.

"சப்பரத்துல ஏறுறதுக்கு நான் என்ன சுரூபமா? எனக்கு யாரும் தூக்காம வெளியில போகணும். அவ்வளவுதான்" என்று சார் என்னிடம் மட்டும் சொன்னார்.

அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுக்குள் எத்தனை அலுவலகங்கள் இருந்தன என்பது கேட்கப் போனபோதுதான் தெரிந்தது.

அப்போது எங்கள் நகர் கிராம ஊராட்சியில் இருந்தது. ஊராட்சித் தலைவர் நல்ல மனிதர். நேரில் வந்து பார்த்தார், சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "வடிகால் நம்மளுது. சுவரை ஏத்தி மூடி போட்டுடலாம். ஆனா ரோடு ஒன்றியத்துது. அவங்க ரோட்டு ஓரத்தைச் சரிச்சு விடாம நான் மூடி போட்டா, நடுவுல இன்னொரு பள்ளம்தான் வரும்" என்றார். ஒன்றிய அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவரும் மரியாதையாகவே பேசினார். சாலை அவர்களுடையதுதான், ஆனால் வடிகாலின் மட்டம் நிலையாகாமல் சாலை ஓரத்தில் கை வைக்க முடியாது, மட்டத்தை ஊராட்சி எழுதித் தர வேண்டும், அதற்கான பணம் மாவட்டத்திலிருந்து வர வேண்டும். ஊராட்சி, ஒன்றியம், மாவட்டம் என்று மூன்று மாடி. மூன்று மாடியிலும் விளக்கு எரிந்தது, மூன்றிலும் ஆள் இருந்தார்கள், சொன்ன எதுவும் பொய்யில்லை. எங்கள் பள்ளம் மட்டும் மாடிப்படிகளின் அடியில் கிடந்தது.

அந்த நாட்களில்தான் சார் தன் கொள்கையை வகுத்துக்கொண்டார். மேலே போக வேண்டும். ஒவ்வொரு மாடிக்கும் அந்த மாடிக்கு உரியதை மட்டும் எழுத வேண்டும். மற்ற மாடியைப் பற்றி மூச்சு விடக்கூடாது. விட்டால் அதையே சாக்காக வைத்துத் தள்ளிவிடுவார்கள். ஒர்க் ஷாப்பில் கோப்புகளோடு காலம் தள்ளியவர், இதில் அவரை யாரும் அசைக்க முடியாது.

பிறகு எங்கள் நகர் மாநகராட்சியோடு சேர்ந்தது.

தெருவில் இது எல்லோருக்கும் பிடிக்கவில்லை. எதிர்வீட்டு விவசாயிக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவர் வயலில் வேலை இல்லாத மாதங்களில் வீட்டுப் பெண்கள் ஊராட்சியின் நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அது நின்றுவிடும் என்றார். வீட்டு வரி ஏறும், தண்ணீர் வரி ஏறும், கொட்டகையில் மாடு கட்டினால் கேள்வி வரும் என்றார். அவர் பயத்தில் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. தலைவர் வீட்டுக்கு நடந்தே போய்க் கதவைத் தட்டலாம். ஒரு மாநகரத்தின் கதவு எங்கே இருக்கிறது என்று எனக்கும் அப்போது தெரியாது.

ஆனால் நடக்கிறவன் கண்ணில் சில பட்டுத்தான் தீரும். விடியலில் பாலத்தைக் கடக்கிறேன், தெருவிளக்குகள் அணைகின்றன. மலைக்கோட்டைக்குக் கீழே கடைத்தெருவை, கடைகள் கண் விழிக்கும் முன் கூட்டுகிறார்கள். உறையூரில் குழாயடியில் தண்ணீர் வந்து குடம் நிறைகிற சத்தம் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகிறது. ஒரு தெருவில் கொசு மருந்துப் புகை. இன்னொரு தெருவில் சாக்கடை அடைப்பெடுக்கும் லாரி. ஆற்றோரம் மயானத்தில் நேற்றைய சாம்பல். பிள்ளை பிறந்ததற்கும் மாநகராட்சியில்தான் சான்று, பெரியவர் போனதற்கும் அங்கேதான் ரசீது. எத்தனை கை, எத்தனை வேலை! எல்லாக் கையும் ஒரே உடம்பில்தான் முளைத்திருக்கின்றன. ஓர் ஊரைத் தூக்கி நிறுத்தும் இந்த உடம்பு இத்தனை காலம் என் கண்ணெதிரே வேலை செய்திருக்கிறது. நான் கோபுரத்தையும் ஆற்றையும் மட்டும் பார்த்துக்கொண்டே அதன் நடுவே நடந்து போயிருக்கிறேன்.

சேர்ந்தபின் முதல் பகுதி சபை, எங்கள் நகரின் பள்ளிக்கூட வராந்தாவில் நடந்தது. வார்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து அங்கங்கே ஜனங்களைக் கூட்டிக் கேட்கிற கூட்டம். சார் வர முடியாது. டீச்சர் போனார், நானும் போனேன். கவுன்சிலர் என் வயதுப் பெண், எல்லோருக்கும் அக்கா. அவர் பக்கத்தில் உதவிப் பொறியாளர். சின்ன வயசுப் பெண், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் எழுந்து வகுப்பில் நிற்பதுபோல நின்றார். "எங்க வீட்டுக்காரர் கேட்டைத் தாண்டி வெளியில வந்து ரொம்ப நாளாச்சு. ரோடு மேல இருக்கு, வடிகால் கீழ இருக்கு. ரோடு யாருது, வடிகால் யாருதுன்னு கேட்டுக் கேட்டு எங்களுக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. இப்ப புதுசா யாருகிட்ட போகணும்னு சொல்லுங்க, அங்கயும் போறோம்."

பொறியாளர் நிமிர்ந்து பார்த்தார். "எங்கயும் போக வேணாம் டீச்சர். ரோடும் எங்களுது, வடிகாலும் எங்களுது, மேல போடுற மூடியும் எங்களுதுதான். நாளைக்குக் காலையில வந்து அளக்கறேன்."

"மூணுமே உங்களுதா?"

"மேல எரியற லைட்டும் எங்களுதுதான்."

வராந்தாவில் சிரிப்பு எழுந்தது. விவசாயி பின்னாலிருந்து, "வரி மட்டும் எங்களுது" என்றார். சிரிப்பு இரட்டிப்பானது. கவுன்சிலர் அக்கா அவரைத் திரும்பிப் பார்த்து, "அண்ணே, அந்த வரியைக் கேள்வி கேக்குற இடமும் இதுதான். பொன்மலைக் கவுன்சிலரும் உறையூர்க் கவுன்சிலரும் நானும் மன்றத்துல ஒரே ஹால்லதான் உட்காருறோம். இருக்கறது ஒரு பட்ஜெட்டு. அதுல உங்க தெருவுக்கு நான் சண்டை போடணும்னா, நீங்க முதல்ல என்கிட்ட சண்டை போடணும்" என்றார்.

மறுநாள் பொறியாளர் சொன்னபடி வந்தார். மேஸ்திரி ஒருவர் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டியூபைக் கேட்டிலும் சாலையிலும் பிடித்து மட்டம் பார்த்தார். வடிகாலின் இரு சுவரையும் உயர்த்த வேண்டும், மேலே கான்கிரீட் மூடி, சாலையின் ஓரத்தைச் சுரண்டிச் சரிவாக இழைக்க வேண்டும், கேட்டின் முன்னால் ஒரு சாய்தளம். எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பீடு. "ஐப்பசி மழை பிடிக்கறதுக்குள்ள முடிச்சிடணும். மழை விழுந்துட்டா வடிகால்ல கை வைக்க முடியாது, அப்புறம் பொங்கலுக்கு அப்புறம்தான்" என்றார்.

சார் நாற்காலியிலிருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்தார். பொறியாளர் ஸ்கூட்டியில் போனபின் என்னிடம் சொன்னார்: "நல்ல பொண்ணு. ஆனா சின்னப் பொண்ணு. இது கையில என்ன அதிகாரம் இருக்கப் போவுது? மேல போகணும் தம்பி."

"அதான் எல்லாம் அவங்களுதுங்கறாங்களே சார்."

"அப்படித்தான் சொல்வாங்க. மேல ஒரு மாடி இல்லாத ஆபீஸ் உலகத்துல உண்டா? மண்டல ஆபீஸ் ஒரு மாடி. மெயின் ஆபீஸ் ஒரு மாடி. அதுக்கு மேல கலெக்டர். நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். டீச்சர் ஸ்ரீரங்கம் தபால் நிலையத்துக்குப் பையோடு போய்வந்தார்.

இரண்டு வாரம் எதுவும் நடக்கவில்லை. தெருமுனையில் ஜல்லி வந்து இறங்கியிருந்தது, அப்படியே கிடந்தது. வானம் தினமும் மாலையில் மேற்கே கறுத்துக் கறுத்துக் கலைந்தது. சார் கேட்டிலிருந்து ஜல்லியையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு காலையில் தெருவில் பெரிய சத்தம். விவசாயி துண்டை உதறிக்கொண்டு சாலையைக் கடந்து வந்தார், பின்னாலேயே பொறியாளரின் ஸ்கூட்டி.

"ஏன் சார், உங்களை எத்தனை தடவை தூக்கியிருப்பேன்? என் மாட்டுக்கொட்டகைக்குள்ள சாக்கடையை விடச் சொல்லியா எழுதிக் கொடுத்தீங்க?"

சார் திகைத்தார். "நான் எங்க அப்படி எழுதினேன்?"

பொறியாளர் கேட்டுக்கு வெளியே கருங்கல்லின்மேல் நின்றுகொண்டே, பையிலிருந்து காகிதக் கட்டு ஒன்றை எடுத்தார். "மெயின் ஆபீஸுக்கு எழுதினதுல, ரோட்டை வெட்டி இறக்குங்கன்னு இருக்கு. மண்டல ஆபீஸுக்கு எழுதினதுல, வடிகாலை ரோட்டு உசரத்துக்கு ஏத்துங்கன்னு இருக்கு. கலெக்டர் ஆபீஸுக்கு எழுதினதுல, வடிகாலே வேணாம், எதிர்ப்பக்கம் மாத்திடுங்கன்னு இருக்கு. எதிர்ப்பக்கம் அளக்கப் போனேன், ஐயா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டிருந்தாரு. எதுக்கு அளக்கறீங்கன்னு கேட்டாரு, சொன்னேன்."

"ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க கையில இருக்கறதைத்தானேம்மா கேட்டேன்" என்றார் சார். குரல் இறங்கியிருந்தது.

"சரிதான் சார். ஆனா அவங்கவங்க எல்லாரும் ஒரே ஆளு. கலெக்டருக்கு எழுதினதும் சேர்த்து எல்லாம் சுத்திச் சுத்தி என் மேசைக்குத்தான் வந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் நான் தனித்தனியா வந்து பார்த்து, தனித்தனியா பதில் எழுதணும். முடியற வரைக்கும் வேலையைத் தொட முடியாது. நீங்க கேட்ட மூணையும் செஞ்சேன்னு வைங்க, ரோடு இறங்கும், வடிகால் ஏறும். தெருத்தண்ணி வடிகாலுக்குப் போகாது. வடிகால் தண்ணி தெருவுக்கு வரும். நீங்க நாற்காலியை வித்துட்டுப் பரிசல் வாங்க வேண்டியதுதான்."

விவசாயிக்குக் கோபத்தின் நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத் துண்டால் வாயைத் துடைத்தார். டீச்சர் உள்ளேயிருந்து வந்து கணவரைப் பார்த்தார். "நாப்பது பிள்ளைங்க பேப்பரை ஒரே ஆளா திருத்துனவ நான். ஆளுக்கொரு விடை எழுதிக் கொடுத்தா மார்க் போடலாம். ஒரே ஆளு ஒரே கணக்குக்கு மூணு விடை எழுதினா என்ன போடறது?"

சார் டீச்சரைப் பார்த்தார், பிறகு பொறியாளரைப் பார்த்தார். "அப்ப மேல யார்தாம்மா இருக்காங்க?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளவே கேட்டார்.

பொறியாளர் கருங்கல்லைத் தாண்டி உள்ளே வந்தார். டீச்சர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். "சார், கிராமத்துல மூணு அடுக்கு. ஊராட்சி தனி, ஒன்றியம் தனி, மாவட்டம் தனி. மூணுக்கும் தனித்தனியா ஓட்டு, தனித்தனியா வேலை. இது அப்படி மாடி வீடு இல்ல. தரைவீடு. மண்டல ஆபீஸ் இதுல ஒரு ரூம், மெயின் ஆபீஸ் ஒரு ரூம், கவுன்சிலர் அக்கா வாசல்ல நிக்கறாங்க. நீங்க ஜன்னல் ஜன்னலா வந்து குரல் கொடுத்திருக்கீங்க. உள்ள நான் ஒருத்தி எல்லா ஜன்னலுக்கும் ஓடி ஓடி எட்டிப் பாத்துக்கிட்டிருக்கேன்."

"நீங்க செய்யலேன்னா?" என்றார் சார்.

"அதே வராந்தா. அதே சபை. அக்கா முன்னாடி என்னை நிக்க வச்சுக் கேளுங்க. ஓடி ஒளிய எனக்கும் வேற மாடி கிடையாது."

இந்தப் பதில் என்னை அன்று முழுக்க நடக்க வைத்தது. கொள்ளிடக் கரை வரைக்கும் போய்விட்டேன். நாங்கள் மேலே மேலே என்று அண்ணாந்து பார்த்தே பழகியவர்கள்; ஒருவர் இல்லையென்றால் இன்னொருவர் என்கிற அந்த அடுக்குகளில் ஒரு சின்ன நம்பிக்கையும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பொறுப்பை இறக்கி வைக்க வேறு தோள் இல்லாமல், இது என்னுடையது என்று ஒருவர் நம் வாசலில் நின்று சொல்வதற்கு ஓர் அழகு இருக்கிறது. அந்தப் பெண் சொன்னபோது அவர் செருப்பில் எங்கள் வடிகாலின் சேறு ஒட்டியிருந்தது.

அவர் கேட்டது ஒன்றுதான். பழைய மனுக்களையெல்லாம் முடித்துவைக்க, சார் ஒரே ஒரு விண்ணப்பம் புதிதாகத் தர வேண்டும். அன்றே கொடுத்தால் மழைக்கு முன்னால் வேலையை எடுத்துவிடலாம்.

சார் தாளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுதவில்லை. பொருள் எழுதுவார், அடிப்பார். சாலையின் மட்டம் என்று தொடங்குவார், அடிப்பார். "ரோட்டைப் பத்தி எழுதறதா, வடிகாலைப் பத்தி எழுதறதா?" என்று முணுமுணுத்தார். டீச்சர் அடுக்களையிலிருந்து, "உங்களைப் பத்தி எழுதுங்களேன்" என்றார். சார் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு ஒரே வீச்சில் எழுதி என்னிடம் நீட்டினார். இத்தனை வருடம் கோப்பு பார்த்தவரின் கையெழுத்தில் ஒரு வரிதான் இருந்தது. யாரும் தூக்காமல் நான் என் வாசலிலிருந்து தெருவுக்கு இறங்க வேண்டும்.

பொறியாளர் அதைப் படித்துவிட்டு, "இது போதும் சார். மீதி எங்க வேலை" என்று பையில் வைத்துக்கொண்டார்.

மறுவாரம் வேலை தொடங்கியது. வடிகாலின் சுவரைக் கட்டிய அதே ஆட்கள் சாலையின் ஓரத்தையும் சுரண்டினார்கள். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. இரண்டு உயரங்களும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு வருவதை நான் தினமும் நடைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் பார்த்தேன். இடையில் ஒரு சண்டையும் நடந்தது. சாய்தளத்தைச் சாலைக்குள் இன்னும் நீட்டினால் இறங்குவது சுலபம் என்றார் சார். நீட்டினால் வாழைத்தார் ஏற்றுகிற வண்டி திரும்பாது என்றார் விவசாயி.

பொறியாளர் இருவர் பக்கமும் பேசவில்லை. பலகைகளை அடுக்கிப் பொய்யாக ஒரு சாய்தளம் செய்யச் சொன்னார். "சார், இறங்கிப் பாருங்க. கஷ்டமா இருந்தா சொல்லுங்க. அண்ணே, நீங்க வண்டியைத் திருப்பிப் பாருங்க."

விவசாயி டிரைவரைக் கூப்பிட்டு வண்டியைத் திருப்பினார். திரும்பியது, மயிரிழையில். சார் பலகையின் விளிம்பு வரை வந்தார். ஆட்கள் இருவர் பிடித்துக்கொள்ள முன்னால் வந்தார்கள். அவர் கையை உயர்த்தி அவர்களை நிறுத்திவிட்டு, எட்டி மட்டும் பார்த்துவிட்டுப் பின்னால் போனார். "சரியாத்தான் இருக்கு. இன்னைக்கு வேணாம். பலகையில வேணாம். உண்மையானது வரட்டும்" என்றார்.

கான்கிரீட் போட்டபின் அதன்மேல் ஈரச் சாக்கு விரித்தார்கள். அதை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும். ஆட்கள் வரும்வரை சார் பொறுக்கவில்லை. தோட்டத்துக் குழாயை இழுத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலையும் மாலையும் சாக்குக்குத் தண்ணீர் பாய்ச்சினார். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல இருந்தது. நடுவில் ஒரு நாள் மழையே வந்து நனைத்தது. சார் அப்போதும் குழாயை மூடவில்லை.

"மழைதான் பெய்யுதே, அப்புறம் எதுக்கு?" என்றார் டீச்சர்.

"மழையை நம்ப முடியாது" என்றார் சார்.

சாக்கை எடுத்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் நடைக்குக் கிளம்பி வெளியே வந்தபோது சார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டில் இருந்தார். பூசைக்கு ஆட்டோ வர இன்னும் நேரமிருந்தது. டீச்சர் நாற்காலியின் பின்னால் கைப்பிடியில் கை வைத்திருந்தார். சார் திரும்பிப் பார்க்காமல், "கையை எடு" என்றார். டீச்சர் எடுத்தார். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையில் சுற்றிக்கொண்டார்.

சார் கேட்டைத் தாண்டும்போது, "போயிட்டு வரேன்" என்றார்.

எல்லா வீட்டிலும் எல்லா நாளும் சொல்வதுதான். தூக்கிக்கொண்டு போகப்படுகிறவர் இதைச் சொல்வதில்லை என்பதை அதுவரை நான் யோசித்ததே இல்லை. சக்கரம் மூடியைக் கடந்து சரிவில் இறங்கியது. சாலை எங்கே தொடங்கியது என்று சக்கரத்துக்குத் தெரியவில்லை. உள்ளங்கைகளால் வேகத்தைப் பிடித்துப் பிடித்து விட்டார். பிறகு விட்டுவிட்டார். நாற்காலி தெருவில் தானாகக் கொஞ்ச தூரம் ஓடியது.

நான் என் நடையை முடித்துத் திரும்பும்போது ஆட்டோ வாசலில் நின்றுகொண்டிருந்தது. டீச்சர் தெருவுக்கு வந்து இருபக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆளைக் காணோம் தம்பி. பூசைக்கு நேரமாச்சு."

இருவரும் தேடிப் போனோம். தெருமுனை டீக்கடையின் முன்னால் சார் இருந்தார், கையில் கண்ணாடி டம்ளர். பெஞ்சில் விவசாயி. இருவரும் உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மாடு கட்டுறதுக்கு வரியான்னு அடுத்த சபையில நானே கேக்கறேன்யா. கவுன்சிலரை நிக்க வச்சுக் கேக்கறேன்."

"நீங்க கேப்பீங்க. மாட்டை எதிர்ப்பக்கம் மாத்துன்னு எழுதிக் கொடுப்பீங்க."

"எழுதறதெல்லாம் இனிமே இல்ல. வாயாலதான்."

"ஏங்க, பூசைக்கு வர்றதா உத்தேசம் இருக்கா இல்லையா?" என்றார் டீச்சர்.

சார் டம்ளரை உயர்த்திக் காட்டினார். "நீ போய் ஆட்டோவில உட்காரு. டீயை முடிச்சுட்டு நானே வந்துடறேன்."